ஏற்காட்டு வீட்டில் தானியங்கி லிட்டர் பாக்ஸ்: அறுந்துபோகும் வைஃபை இணைப்பைச் சீராக்கும் முறை

எங்கள் வீடு ஏற்காட்டில், நாகலூர் செல்லும் சாலையில் இருக்கிறது. அங்கே அம்மாவும் மிளகு, வெள்ளச்சி என்ற இரண்டு பூனைகளும் இருக்கிறார்கள். நான் வேலையின் பொருட்டு வார நாள்களில் சேலத்தில் தங்குகிறேன். அண்ணன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு தானியங்கி லிட்டர் பாக்ஸ், அதாவது பூனைகள் கழிவு கழிக்கும் மணல் பெட்டி, வாங்கி வந்தார். பூனை உள்ளே போய் வந்த சில நிமிடங்களில் உருளை சுழன்று மணலைச் சலித்து, கழிவுக் கட்டியைக் கீழ்த்தட்டில் தள்ளிவிடும் வகை அது. பெட்டியின் அடியில் உள்ள எடை உணரி எந்தப் பூனை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்பதைக் கைப்பேசிச் செயலிக்கு அனுப்பும்.

அந்தக் கணக்கு எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் இரவில் உணர்ந்தேன். வழக்கமாக நாளொன்றுக்கு நான்கு முறை பெட்டிக்குப் போகும் மிளகு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் பதினொரு முறை போயிருந்தான். காலையில் அவனைக் கூடையில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்குக் கொண்டுவந்தபோது, சிறுநீர்ப் பாதை அடைத்திருப்பதாக மருத்துவர் சொல்லி உடனே அடைப்பை நீக்கினார். ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது; முழுமையாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே செயலியில் ‘ஆஃப்லைன்’ என்ற சொல்லைக் கண்டால் நான் அதைச் சிறு தொந்தரவாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தச் சொல்லை நீக்குவதற்குப் பல வாரங்கள் போராடிக் கற்றுக்கொண்ட முறையைக் கீழே எழுதுகிறேன். செயலியை நிறுவிக் கணக்குத் தொடங்குவதுவரை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

முதலில்: ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள்

இணைப்பு போனாலும் பெட்டி சுத்தம் செய்வது நிற்பதில்லை. சுழற்சியை இயக்கும் அறிவு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வைஃபை செய்தி சொல்வதற்கு மட்டுமே. எனவே பதறவேண்டியதில்லை. ரீசெட் செய்தால் பெட்டியில் பதிந்திருக்கும் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துவிடும். சில பெட்டிகளில் பூனைகளின் எடை விவரமும் போய்விடும். அதன்பின் எங்கே பழுது என்று கண்டுபிடிப்பதற்கான தடயமே இருக்காது.

அதற்குப் பதிலாக, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் பெட்டி இருந்தால், பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையே உறவு நன்றாக இருக்கிறது. கோளாறு அதற்கு அப்பால், அதாவது இணையத்திலோ நிறுவனத்தின் சர்வரிலோ உங்கள் கைப்பேசியிலோ இருக்கிறது. பட்டியலில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள்தான். இந்த ஒரு பார்வை பாதி வேலையை முடித்துவிடும்.

நிலையான ஐபி முகவரி வாங்கவேண்டும், ரவுட்டரில் போர்ட் திறக்கவேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் அதற்குச் செலவு செய்யாதீர்கள். பெட்டிதான் வெளியே இருக்கும் சர்வரை அழைக்கிறது. சர்வர் பெட்டியைத் தேடி வருவதில்லை. சிம் போட்ட 4ஜி ரவுட்டரிலும் அது ஒழுங்காக வேலை செய்யும்.

இரண்டாவது: ஹாட்ஸ்பாட் சோதனை

இதற்கு இரண்டு கைப்பேசிகள் வேண்டும். ஒன்றில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அதன் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸாக வையுங்கள். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள்ளேயே இந்தத் தேர்வு இருக்கும். ஐஃபோன் 12 முதலான கைப்பேசிகளில் பழைய சாதனங்களுக்கும் இணக்கத்தை அதிகப்படுத்தும் தேர்வை இயக்கவேண்டும். மற்றொரு கைப்பேசியை அந்த ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அதிலுள்ள செயலியின் வழியாகப் பெட்டியைப் புதிதாகச் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்துவிட்டால் பெட்டியில் குறையில்லை, உங்கள் ரவுட்டரைத்தான் சரிசெய்யவேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் பெட்டியைத் திருப்பி அனுப்புவது வீண். குறிப்பாக மலையிலிருந்து அனுப்பும் கூரியர் செலவை நினைத்துப் பாருங்கள்.

சேர்க்கும் நேரத்தில் கைப்பேசியில் விபிஎன் இருந்தால் நிறுத்திவிடுங்கள். செயலிக்கு இருப்பிட அனுமதியும், ஐஃபோனில் உள்ளூர் நெட்வொர்க் அனுமதியும் கொடுங்கள். வீட்டு வைஃபையில் சேர்க்கும்போது, பெட்டி தானே ஒரு தற்காலிக வைஃபையை உண்டாக்கும் வகையாக இருந்தால், கைப்பேசியின் மொபைல் டேட்டாவைச் சில நிமிடங்கள் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் இணையமில்லாத அந்த வைஃபையைக் கைப்பேசி தானாகவே உதறிவிடும்.

மூன்றாவது: ரவுட்டரில் பெயரும் பூட்டும்

இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருக்கும் ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று வையுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பல பெட்டிகள் உள்ளே வரமாட்டா.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தமிழில் பெயர் வைப்பதில் எனக்கும் ஆசை உண்டு. எங்கள் வீட்டில் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வைஃபை பெயருக்கு 32 பைட்டுக்கு மேல் இடமில்லை. ஆங்கில எழுத்து ஒரு பைட்டை எடுத்துக்கொள்ளும் இடத்தில், தமிழில் ஒவ்வொரு எழுத்தும், அதனுடன் சேரும் துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகிய ஒவ்வொன்றும் மும்மூன்று பைட்டை எடுத்துக்கொள்கின்றன. ‘பூனை வீடு’ என்ற பெயர் 25 பைட்டில் அடங்கிவிடும். ‘ஏற்காட்டு வீடு’ 40 பைட்டைத் தொட்டு அடங்காமல் போகும். அடங்கினாலும் சில பெட்டிகளின் செயலி அந்தப் பெயரைச் சரியாகக் கையாள்வதில்லை. கைப்பேசிகள் பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு, பெட்டிக்கான 2.4 வைஃபைக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது: என்னைப் பல வாரங்கள் அலைக்கழித்த சானல்

மேலே சொன்னவை எல்லாவற்றையும் நான் செய்துவிட்டேன். பெட்டி இணைந்தது, நான்கு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் மழைக்காற்றில் சில்வர் ஓக் கிளை மின்கம்பியில் விழுந்து மின்சாரம் போயிற்று. மின்சாரம் திரும்பிய பிறகு அம்மா தொலைபேசியில் சொன்னார்: “பொட்டி மறுபடியும் கண்ணச் சிமிட்டுது கண்ணு. மத்ததெல்லாம் ஓடுது.” ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன், பயனில்லை. மறுநாள் மீண்டும் அணைத்துப் போட்டார்; பெட்டி தானாகவே சேர்ந்துகொண்டது. அடுத்த மின்தடையில் மறுபடியும் அதே கதை. ஒருமுறை சேரும், ஒருமுறை சேராது. அதே ரவுட்டரில், அதே அறையில், அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு நாளும் குறை வந்ததில்லை என்பதால் நான் பெட்டியையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது, சுற்றுவட்டார வைஃபைகளைக் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் நிறுவிப் பார்த்தேன். எங்கள் வைஃபை 13ஆம் சானலில் ஓடிக்கொண்டிருந்தது. அருகிலுள்ள தங்கும் விடுதியின் வைஃபைகள் 1, 6, 11 ஆகிய சானல்களில் இருந்தன. விடை அங்கேதான் இருந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சிறு சிறு சானல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் விற்கும் ரவுட்டர்களும் கைப்பேசிகளும் 1 முதல் 13 வரை பயன்படுத்தும். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்படும் சாதனங்கள் பொதுவாக 11ஆம் சானலோடு, அதாவது 2462 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எங்கள் ரவுட்டரில் சானல் ‘ஆட்டோ’ என்று இருந்ததால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் அது நெரிசல் குறைந்த சானலைத் தேடி அமர்ந்தது. அது 6இல் அமர்ந்த நாளில் பெட்டிக்கு வைஃபை கண்ணுக்குத் தெரிந்தது. 12இலோ 13இலோ அமர்ந்த நாளில், பெட்டியைப் பொறுத்தவரை அப்படி ஒரு வைஃபையே வீட்டில் இல்லை. இந்தியாவில் வாங்கிய அம்மாவின் கைப்பேசிக்கு 13ஆம் சானலும் தெரியும் என்பதால்தான் அது தடையின்றி ஓடியது.

செய்யவேண்டியது இவ்வளவே: ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அமைப்புக்குள் சென்று சானலை ‘ஆட்டோ’விலிருந்து மாற்றி 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக நிலைநிறுத்துங்கள், சானல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள், சேமித்துவிட்டு, ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டு ஒவ்வொரு முறையும் பெட்டி திரும்பி வருகிறதா என்று பாருங்கள். இந்த மூன்று முறைச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒருமுறை சேர்ந்ததை நம்பித்தான் நான் சேலத்துக்குத் திரும்பித் திரும்பி வந்து ஏமாந்தேன். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியாக இருந்தால் இந்தப் படியை முதல் படியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகக் கூடாது.

ஐந்தாவது: மின்தடைக்குப் பிறகு யார் முதலில் எழுவது

சானலைச் சரிசெய்த பிறகும் மாதத்துக்கு ஓரிரு முறை பெட்டி திரும்பாமல் இருந்தது. மின்சாரம் வந்தவுடன் பெட்டி சில நொடிகளில் எழுந்துவிடுகிறது. ஃபைபர் மோடமும் ரவுட்டரும் எழுந்து இணையத்தைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. அதற்குள் பெட்டி சில முறை முயன்றுவிட்டு ஓய்ந்துவிடுகிறது.

இதற்கு என் தேர்வு ரவுட்டருக்கான மினி யுபிஎஸ், அதாவது மின்தடையின்போது மின்சாரம் கொடுக்கும் சிறு பேட்டரிப் பெட்டி. வீட்டு இன்வெர்ட்டர் இருந்தாலும் மினி யுபிஎஸ்ஸையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைப்பில் சில மோடம்கள் அணைந்து எழுகின்றன. மினி யுபிஎஸ் நேரடியாக 12 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் இடைவெளி ஏற்படுவதில்லை. வாங்குவதற்கு முன் மோடம், ரவுட்டர் இரண்டின் அடாப்டர்களிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டுக்கும் மின்சாரம் தேவை. ரவுட்டருக்கு மட்டும் கொடுத்து மோடத்தை விட்டுவிட்டால் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது.

மினி யுபிஎஸ் வாங்கும்வரை, மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் பெட்டியின் சுவிட்சை அணைத்துப் போடுமாறு அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அப்படிச் செய்யும்போது பெட்டிக்குள் பூனை இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே சுவிட்சைப் போடவேண்டும். பல பெட்டிகள் மின்சாரம் வந்ததும் உருளையைச் சுழற்றித் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும்.

ஆறாவது: கல் சுவரும் இரும்பு பீரோவும்

எங்கள் வீடு பழைய கருங்கல் கட்டடம். சுவர்கள் ஏறக்குறைய இரண்டடிக் கனம். கூடத்தில் ரவுட்டரும் பின்கட்டில் பெட்டியும் இருந்தபோது, பெட்டியின் மேல் கைப்பேசியை வைத்து வைஃபை சிக்னலின் வலிமையை அளந்தால் மைனஸ் 82 டிபிஎம் காட்டியது. இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது; மைனஸ் 67க்குள் இருந்தால் நிம்மதி, மைனஸ் 75ஐத் தாண்டினால் அறுந்து அறுந்து சேரும். பெட்டியைக் கதவு நேராகத் தெரியும் இடத்துக்கு நகர்த்தியதிலேயே மைனஸ் 66க்கு வந்துவிட்டது. நகர்த்தும்போது நாளுக்கு ஓர் அடி என்ற அளவில் நகர்த்துங்கள். திடீரென்று இடம் மாறினால் பூனைகள் பெட்டியைப் புறக்கணிக்கும்.

நகர்த்த வழியில்லாதவர்கள், வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டரை வாங்கவேண்டாம் என்பது என் கருத்து. பெட்டிக்கு வேகம் தேவையில்லை என்பதால் ரிப்பீட்டரின் வேகக் குறைவு பெரிதல்ல. ஆனால் மின்தடைக்குப் பின் சரியான வரிசையில் எழவேண்டிய சாதனங்களில் அது இன்னொன்றைச் சேர்க்கிறது. சுவரோரமாக ஒரு லேன் கம்பி இழுத்து, அதன் மறுமுனையில் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபையைப் பரப்பும் சாதனமாக மட்டும், வைப்பதே உறுதியானது. இடி மின்னல் மிகுந்த நம் மலையில் அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியே இழுக்காதீர்கள்.

பின்சேர்க்கை

இதை முதலில் எழுதிய பிறகு வந்த கேள்விகளால் சிலவற்றைச் சேர்க்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதிய ஒருவருக்கு, ரவுட்டர் பத்தடி தூரத்தில் இருந்தும் இணைப்பு நிலைக்கவில்லை. பெட்டியை இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலான சந்தில் வைத்திருந்தார். பீரோவின் மறுபுறம் மாற்றியதும் சரியாயிற்று. இரும்புத் தகடு கல் சுவரைவிட மோசமான தடை.

ஃபேர்லேண்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒருவர், கட்டடத்தின் பொது வைஃபையில் பெட்டியைச் சேர்க்க முயன்றிருக்கிறார். உலாவியில் பக்கம் திறந்து கைப்பேசி எண்ணைக் கேட்கும் வைஃபையில் பெட்டி ஒருபோதும் சேராது. அந்தப் பக்கத்தை நிரப்ப அதற்குத் திரை இல்லை. சொந்த இணைப்பு ஒன்றே வழி.

அம்மாபேட்டையில் வீட்டோடு விசைத்தறி வைத்திருப்பவருக்குக் காலை வேளைகளில் மட்டும் பெட்டி ஆஃப்லைன் ஆனது. தறி மோட்டார்கள் ஒருசேரக் கிளம்பும்போது மின்னழுத்தம் இறங்கி மோடம் அணைந்து எழுந்திருக்கிறது. அவருக்கும் மினி யுபிஎஸ்ஸே தீர்வாயிற்று.

இன்னொருவருக்கு ஹாட்ஸ்பாட்டிலும் பெட்டி சேரவில்லை. செயலிக் கணக்கு இந்தியாவிலும் பெட்டி வேறொரு நாட்டுப் பிரிவிலும் பதிவாகியிருந்தன. கணக்கின் நாட்டைப் பெட்டி விற்கப்பட்ட நாட்டுக்கு மாற்றிப் புதிய கணக்கு தொடங்கியதும் சேர்ந்துகொண்டது. எங்கள் பெட்டிக்கும் அண்ணனின் அமெரிக்கக் கணக்கையே பயன்படுத்துகிறோம்.

பெட்டி ஆஃப்லைனாக இருக்கும் நாள்களில் அம்மா கீழ்த்தட்டை இழுத்து, சிறுநீர்க் கட்டிகளை எண்ணித் தினசரி காலண்டர் தாளில் பென்சிலால் குறித்துவைக்கிறார். இரண்டு பூனைகளுக்கும் சேர்த்து ஐந்துக்குக் குறைந்தால், அல்லது மிளகு பெட்டிக்குள் போய் வெறுமனே திரும்புவதைக் கண்டால், எந்த நேரமானாலும் என்னை அழைக்கவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.