ஒரு குவார்ட்டர் என்றால் எத்தனை டிரிங்க்? ஏஆர்டி மையத்தில் குடிப்பழக்கத்தை அளப்பது எப்படி

எச்.ஐ.வி.க்கு மாத்திரை தரும் இடம் ஏஆர்டி மையம். அங்கே வரும் தொற்றுள்ளோரின் குடிப்பழக்கத்தை ஆராயும் பல ஆய்வுகள் முதல் சில கேள்விகளிலேயே சறுக்கிவிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாத்தாள், குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க் என்று கேட்கிறது. அதன் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் சுத்தமான ஆல்கஹால். அதையே தமிழில் ‘எத்தனை கிளாஸ்?’ என்று கேட்டால் வரும் பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது. டாஸ்மாக்கில் வாங்குபவருக்குத் தெரிந்த அளவுகள் கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல், பீர்.

அவர் அளவிலேயே கேளுங்கள். பெருக்கலை நீங்கள் செய்யுங்கள். மில்லிலிட்டரை ஆல்கஹால் சதவீதத்தாலும் 0.789 என்ற அடர்த்தியாலும் பெருக்கி, 100ஆல் வகுத்தால் கிராம் வரும். குவார்ட்டர் 180 மி.லி., 42.8 சதவீதம்: சுமார் 61 கிராம், அதாவது 6 டிரிங்க். அதில் பாதியான கட்டிங் என்றால் 3. பீர் பாட்டில் 650 மி.லி.; 5 சதவீதமானால் இரண்டரை, 8 சதவீத ஸ்ட்ராங் ஆனால் 4.

இதனால் என்ன மாறுகிறது என்று பாருங்கள். வாரம் இரண்டு தடவை குடிக்கும் ஒருவர், ‘ஒரு குவார்ட்டர்தான் சார்’ என்கிறார். எத்தனை தடவை குடிக்கிறார் என்ற முதல் கேள்விக்கு 3 மதிப்பெண். அளவை 1 என்று குறித்தால் இரண்டாவதற்கு 0. ‘ஒரே வேளையில் 6 டிரிங்க் அல்லது அதற்கு மேல்’ என்ற மூன்றாவதற்கும் 0. இந்த மூன்று கேள்விகளின் மொத்தம் 3, ஆண்களுக்கான எல்லையான 4-க்குக் கீழே. சரியாக 6 என்று குறித்தால் 3, 2, 3: மொத்தம் 8. ஆபத்தாகக் குடிக்கும் ஒருவர் உங்கள் தாளில் ‘பிரச்சினை இல்லை’ பட்டியலில் போய்ச் சேர்ந்திருப்பார். பெண்களுக்கு எல்லை 3.

மாத்திரை வாங்கும் வரிசையில் வைத்துக் கேட்காதீர்கள், கூட வந்தவர் முன்னால் வேண்டவே வேண்டாம். குடிப்பதைச் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. நிறுத்த மாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒப்புதலும் ரகசியமும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி அவருடைய உரிமை.

கடந்த 30 நாளுக்குக் காலண்டரை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பள நாள், கோயில் கொடை, துக்க வீடு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தால் மறந்த நாட்கள் தாமாக வெளிவரும். பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போடுங்கள்: ‘அன்றைக்கு மாத்திரை போட்டீர்களா?’ மறந்துவிட்டாரா, குடியும் மாத்திரையும் சேர்ந்தால் விஷமாகும் என்று நினைத்து வேண்டுமென்றே விட்டாரா என்பதைப் பிரித்து எழுதுங்கள். இரண்டுக்கும் ஆலோசனை வேறு. குடித்த நாளிலும் ஏஆர்டி மாத்திரையை விடக்கூடாது என்பதைப் பேட்டி முடிந்த பிறகு கட்டாயம் சொல்லுங்கள். முன்பே சொன்னால் பதில் வளைந்துவிடும்.

மற்ற போதைப் பொருட்களைப் பேர் சொல்லியே கேளுங்கள். ‘புகையிலை உண்டா?’ என்றால் பீடி, சிகரெட்டை மட்டும் நினைத்து ‘இல்லை’ என்பவர், ‘ஹான்ஸ்?’ என்றால் தலையாட்டுவார். கஞ்சா, வலி மாத்திரை, ஊசி எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

பதிலை ரத்தத்தில் சரிபார்க்க நினைத்தால் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) வேண்டாம். எச்.ஐ.வி. மருந்தான ஜிடோவுடின் சாப்பிடுபவருக்குக் குடிக்காமலே அது ஏறும். ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி, கல்லீரல் அழற்சியாலும் மருந்துகளாலும் உயரும். நம்பத்தக்கது பாஸ்பாடிடைல்எத்தனால்: ஆல்கஹால் இருந்தால் மட்டுமே சிவப்பணுச் சவ்வில் உருவாகி, 2 முதல் 4 வாரம் வரை தெரியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் முழு ரத்தம் எடுங்கள், சீரம் பயன்படாது. தோலைத் துடைக்க ஸ்பிரிட்டைத் தவிர்த்து ஆல்கஹால் கலக்காத அயோடின் போடுங்கள். இந்தச் சோதனைக்கும் தனி ஒப்புதல் வாங்க வேண்டும்.

காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, முன்பு வலிப்பு வந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ‘நாளையிலிருந்து தொடாதீங்க’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். திடீரென நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பும், அதையொட்டிக் குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். அன்றே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். எந்த அறை, எந்த நேரம், யாரைப் பார்ப்பது என்பதை முதல் பேட்டிக்கு முன்பே கேட்டறிந்து, ஒவ்வொரு வினாத்தாளின் தலைப்பிலும் அச்சடித்து வையுங்கள்.