டிஷ்வாஷர் தண்ணீர் எடுக்கவில்லையா? வால்வை மாற்றும் முன் பாருங்கள்

பட்டனை அழுத்தியதும் மெஷின் உறுமுகிறது, தண்ணீரைக் காணோம். "இன்லெட் வால்வு (மெஷினுக்குள் தண்ணீரை விடும் வால்வு) போச்சு" என்று உடனே முடிவுகட்டுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. வால்வும் கெடும்தான். ஆனால் மொட்டைமாடித் தொட்டியை நம்பியிருக்கும் நம் வீடுகளில், முதலில் சந்தேகப்பட வேண்டியது மெஷினுக்கு வெளியே இருப்பதை.

அதற்கும் முன்னால், உண்மையிலேயே தண்ணீர் ஏறவில்லையா என்று பாருங்கள். டிஷ்வாஷர் வாஷிங் மெஷின் மாதிரி நிரம்பாது. ஒரு முழு ஓட்டத்துக்கே சுமார் 10 லிட்டர்தான், அதையும் தவணை தவணையாக எடுக்கும். ஸ்டார்ட் கொடுத்ததும் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் பல மாடல்கள் புதுத் தண்ணீர் எடுக்கும். முதல் நிமிடமே கதவைத் திறந்து பார்த்தால் காய்ந்துதான் கிடக்கும்.

அடுத்தது, "குழாயில் நன்றாகத்தானே வருகிறது" என்று கண்ணால் பார்த்துச் சொல்வது. கைகழுவப் போதுமான தண்ணீர் மெஷினுக்குப் போதாமல் போகலாம். பல கம்பெனிகள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன. தொட்டித் தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் கிடைக்கும். அப்படியானால் 0.5 பாருக்கு 5 மீட்டர், அதாவது சுமார் 16 அடி வேண்டும். மேல்மாடி வீட்டில் சமையலறைக் குழாய்க்கும் தொட்டிக்கும் 10 அடிகூட இருக்காது. அதே மாடல் கீழ்வீட்டில் ஜோராக ஓடும், மேல்வீட்டில் பிழைக் குறி காட்டும். தொட்டி நிறைந்திருக்கும்போது ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் மக்கர் செய்தால் சந்தேகமே வேண்டாம். ஆங்கிள் காக்கிலிருந்து ஹோஸைக் கழற்றி, அந்தக் குழாயை முழுதாகத் திறந்து வாளியில் பிடியுங்கள். 10 லிட்டர் வாளி ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் நிறைய வேண்டும். நிறையவில்லை என்றால் புது வால்வு வாங்கிப் பயனில்லை, பிரஷர் பம்ப்தான் வழி. ஆர்ஓ ஃபில்டரிலிருந்து லைன் இழுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் சொட்டுத் தண்ணீர் மெஷினுக்கு எந்த மூலைக்கு?

வாளி சீக்கிரம் நிறைந்தால், ஹோஸ் முனையில் இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள். லாரித் தண்ணீர், போர் தண்ணீர் என்றால் மணலும் உப்புக்கறையும் அங்கேதான் சேரும். பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள், கறை போகவில்லை என்றால் வினிகரில் கொஞ்சநேரம் ஊறப் போடுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், வலை கிழியும். "இதுதானே தொல்லை" என்று வலையையே தூக்கி எறிவது இன்னும் மோசம். மணல் வால்வுக்குள் போய் உட்கார்ந்தால் வால்வு முழுதாக மூடாது. அப்புறம் தண்ணீர் வரவில்லை என்ற புகார், தண்ணீர் நிற்கவில்லை என்று மாறிவிடும். ஹோஸ் முனையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் அது அக்வாஸ்டாப், அதாவது கசிந்தால் தண்ணீரை நிறுத்தும் அமைப்பு. உள்ளே மின்சார வால்வு உண்டு, அதை நனைக்கவோ வெட்டவோ கூடாது.

கழிவு ஹோஸைத் தரையோடு போடுவதும் ஒரு தவறு. ஏறும் தண்ணீர் தானாகவே இறங்கி ஓடிவிடும். கையேட்டில் சொன்ன உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் சரி.

தண்ணீர் எடுக்காமல் டிரெயின் பம்ப் மட்டும் ஓயாமல் ஓடினால் கதை வேறு. மெஷினுக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் கசிந்து தேங்கி, அங்குள்ள மிதவை தூக்கிக்கொண்டிருக்கும். போஷ் மெஷினில் இ-15 என்ற பிழைக் குறி காட்டும். தண்ணீர் வரத்து சரியில்லை என்றால் இ-18. டிஷ்வாஷர் பவுடர் தீர்ந்துபோன அன்று பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ஊற்றி, நுரை பொங்கிக் கசிந்ததும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மெஷினைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் ஓடும்தான், ஆனால் கசிவு எங்கே என்று பார்க்காமல் விட்டால் மறுபடி நிற்கும். சாய்க்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

அழுத்தம், வலை, ஹோஸ், கதவுப் பூட்டு எல்லாம் சரியாக இருந்தும் வால்விலிருந்து 'ம்ம்' என்ற சத்தமே இல்லையென்றால் அது மின்கோளாறு. வால்வுக்குப் போவது பெரும்பாலும் 230 வோல்ட் என்பதால் அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். வாளிச் சோதனை செய்து பார்த்ததை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.