மூன்று வாரத்தில் 800 மீட்டர்: முதல் ரவுண்டை அடக்கி ஓடப் பழகுவது எப்படி

பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் முதலில் நடக்கிற குறுவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்தாச்சு, இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, இதுவரை கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் ஓடினதைத் தவிர வேறு ஓட்டம் ஓடினதில்லை. நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பாதிப் பேர் இந்த நிலைமையில்தான் 800, 1500 ஓடப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

மூன்று வாரத்தில் மூச்சுப் பலம் பெரிதாக ஏறிவிடாது. ஆனால் வேகத்தைக் கணக்குப் பண்ணி ஓடக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் தாராளம். 800 என்றால் 400 மீட்டர் டிராக்கில் இரண்டு ரவுண்டு. முதல் 200 மீட்டரில் பாய்ந்து ஓடிவிட்டு, இரண்டாவது ரவுண்டில் தொடை இறுகி, கை தூக்க முடியாமல் நடக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அவர்களில் பல பேர் ஜெயித்த பையனைவிட வேகமான கால் உள்ளவர்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் இந்தப் பயிற்சி முழுக்க அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

ஆஸ்துமா, நெஞ்சுவலி, ஓடும்போது தலைசுற்றல் இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு வா.

முதல் படி: 200 மீட்டரை அளந்து வை

பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துக்குப் போக முடிந்தால் 400 மீட்டர் டிராக்கே இருக்கிறது. மற்றவர்களுக்குக் குளத்துக்கரை, கால்வாய்க்கரை மண்பாதை போதும், தார் ரோட்டைவிட அது காலுக்கும் நல்லது. அளப்பதற்கு ஒரு சைக்கிள் வேண்டும். முன்சக்கரத்தின் டியூப் வால்வு தரையைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தி அங்கே ஒரு கோடு போடு, நேராக உருட்டி வால்வு மறுபடியும் அடிக்கு வருகிற இடத்தில் இன்னொரு கோடு போடு, இரண்டுக்கும் நடுவே டேப் வைத்துப் பார். பெரிய சைக்கிள் என்றால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். 2.15 மீட்டர் வந்தால் 93 தடவை சக்கரம் சுற்றினால் 200 மீட்டர். தொடக்கம், 100, 200 மூன்று இடத்திலும் கல் நட்டு அடையாளம் வைத்துக்கொள்.

இரண்டாம் படி: உன் நேரம் என்ன என்று பார்

ஒரு நாள் காலையில் பத்து நிமிடம் லேசாக ஓடிவிட்டு, 800 மீட்டரை முழுதாக ஓடிப் பார். நண்பன் ஒருவன் போனில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும். 3 நிமிடம் வந்தது என்று வை. மூன்று வாரத்துக்கு 2 நிமிடம் 52 விநாடி நியாயமான குறி, அதாவது ஒவ்வொரு 200 மீட்டருக்கும் 43 விநாடி. இந்த எண் உன் காலில் பதிய வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1:40.91இல் உலக சாதனை வைத்தபோது முதல் ரவுண்டு 49.28, இரண்டாவது 51.63. அவ்வளவு வேகத்திலும் இரண்டு ரவுண்டுக்கும் இடையே இரண்டரை விநாடிகூட வித்தியாசம் இல்லை. நீயும் 1:25, 1:27 என்று பிரித்து ஓடினால் சரியாக இருக்கும்.

மூன்றாம் படி: வாரத்தில் ஐந்து நாள், அதில் இரண்டு நாள் மட்டும் கடினம்

மற்ற மூன்று நாளும் இருபது, இருபத்தைந்து நிமிடம், பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில். இதை மெதுவாக ஓடக் கூச்சப்படாதே, கடினமான நாளுக்குக் கால் தயாராவது இந்த ஓட்டத்தில்தான்.

முதல் வாரம், கடினமான நாளில் 200 மீட்டர் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 43 விநாடி, திரும்ப நடந்து வருவதுதான் ஓய்வு. நண்பனை 100 மீட்டர் கல்லில் நிறுத்து, நீ கடக்கும்போது அவன் நேரத்தைச் சத்தமாகச் சொல்லட்டும், 21, 22 வர வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் 18 என்று சொல்வான், முழுசாக 37, 38இல் முடிப்பாய், உற்சாகமாக இருக்கும், ஆனால் ஐந்தாவது தடவை 47 வரும். முதலாவதும் ஆறாவதும் ஒரே நேரத்தில் வருகிற வரைக்கும் இதே பாடம்தான். அப்புறம் நண்பனை வாயை மூடச் சொல்லிவிட்டு, நீயே 43ஐ ஊகித்து ஓடு.

இரண்டாம் வாரம், ஒரு நாள் 400 மீட்டர் மூன்று தடவை, 1:26 வீதம், நடுவில் நாலு நிமிடம் ஓய்வு. இன்னொரு நாள் 300 மீட்டர் நாலு தடவை, முதல் 200 அதே வேகம், கடைசி 100 மட்டும் கூட்டு. 1500 ஓடுகிறவர்கள் இந்த வேகத்தைக் கொஞ்சம் குறைத்து 400ஐ ஐந்து தடவை ஓடுங்கள்.

மூன்றாம் வாரம் குறைக்க வேண்டும், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. வாரத் தொடக்கத்தில் 600 மீட்டர் ஒரு தடவை, 2:09இல், கொஞ்ச நேரம் கழித்து 200 இரண்டு தடவை. அதோடு கடினமான பயிற்சி முடிந்தது. போட்டிக்கு முந்தின நாள் பத்து நிமிட லேசான ஓட்டம் மட்டும். "ஒரு தடவை 800 ஓடிப் பார்த்திருவோமா" என்று யார் கூப்பிட்டாலும் போகாதே.

காற்று, முள், வெயில்

ஜூலை, ஆகஸ்டில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அடிக்கிற மேல்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் நிற்பதே அதற்காகத்தான். லேசான ஓட்டத்துக்கு முதலில் மேற்கே பார்த்துப் போ, திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். 200 மீட்டர் பயிற்சியைக் காற்றுக்கு எதிராக ஓடினால் 43 வராது, அதற்காகப் பதற வேண்டாம், ஒன்று எதிரே, ஒன்று காற்றோடு என்று மாற்றி ஓடி இரண்டையும் கூட்டிப் பார்.

காலை ஏழரைக்குள் முடித்துவிடு. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் கிரவுண்டில் நெருஞ்சி முள் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடுங்கள். போட்டிக்கென்று ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஷூ) இரவல் வாங்கி அன்றைக்கே முதல் தடவையாகப் போடாதீர்கள். முன்னங்கால் எலும்பில் தொட்டால் வலித்தால் இரண்டு நாள் ஓட்டத்தை நிறுத்து. மாதவிலக்கு நாளில் ஓடக்கூடாது என்று ஒன்றும் இல்லை தங்கச்சி, வலி அதிகமாக இருந்தால் மட்டும் அன்றைக்கு லேசாக ஓடு.

நான்காம் படி: போட்டி நாள்

ஓட்டத்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னால் நாலு இட்லி, பொடி போதும். போட்டி எப்படியும் தாமதமாகும், அதனால் பையில் இரண்டு வாழைப்பழமும் தண்ணீரும் இருக்கட்டும். கோட்டில் நிற்கும்போது குளுக்கோஸை அள்ளி வாயில் போடுவது வேண்டாம், வாய் வறண்டு வயிறு பிசையும்.

பேர் கூப்பிடுவதற்கு இருபது நிமிடம் முன்னால் லேசான ஓட்டம், பிறகு 60 மீட்டர் மூன்று நாலு தடவை கொஞ்சம் வேகமாக. 800க்கு "செட்" சொல்ல மாட்டார்கள். "ஆன் யுவர் மார்க்", அடுத்தது விசில் அல்லது வெடிதான். லேனில் நிறுத்தினால் முதல் வளைவு முடியும் வரை உன் லேனை விட்டு வராதே. அதன்பின் உள்ளே வந்துவிடு. 400 மீட்டர் டிராக்கில் ஒரு வளைவை இரண்டாவது லேனில் ஓடினால் நாலு மீட்டர் போலக் கூடுதலாக ஓடுகிறாய், அதனால் முந்துவதை நேர்ப்பகுதியில் வைத்துக்கொள். காற்று எதிரே வருகிற பக்கத்தில் முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி ஓடு.

எல்லோரும் பாய்ந்து போவார்கள். நீ கடைசியில் இருப்பாய், ஊர்க்காரர்கள் கத்துவார்கள், பயமாகத்தான் இருக்கும். உன் 43ஐ ஓடு. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தில் நம்ம ஸ்ரீராம் சிங் முதல் ரவுண்டை முன்னின்று ஓடி, 1:45.77இல் ஏழாவதாக வந்தார். அந்தத் தேசிய சாதனை 2018 வரை நின்றது. முன்னால் ஓடுவதற்கு அவருக்கு வருடக்கணக்கான உழைப்பு இருந்தது, உன்னிடம் இருப்பது மூன்று வாரம். 500 மீட்டர் தாண்டினதும் முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வருவார்கள். அப்போது கையை வேகமாக வீசு, கால் தானாக வரும். கோட்டைத் தாண்டி இன்னும் ஐந்து மீட்டர் ஓடுகிற மாதிரி முடி.

முடித்ததும் படுத்துவிடாமல் நட. இரண்டு ரவுண்டு நேரத்தையும் நண்பனிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள். வருவாய் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானால் அடுத்த 200 மீட்டர் கணக்கை அதிலிருந்துதான் போடணும்.