ஹனேடாவும் டோக்கியோவும் பொம்மைகளாக: மினியேச்சர் படம் எடுக்கும் முறை

ஒரு விமான நிலையத்தையோ நகரத்தையோ பொம்மைகள் போலக் காட்டும் மினியேச்சர் படங்களின் சூட்சுமம் முழுவதும் மென்பொருளில் இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு வேலை, நிற்கும் இடத்தையும் வெயிலையும் தேர்ந்தெடுக்கும்போதே முடிந்துவிடுகிறது. மேசைமேல் வைத்த பொம்மையைக் கேமரா வழியாக மிக அருகில் பார்த்தால், ஒரு குறுகிய பகுதி மட்டுமே கூர்மையாக இருக்க, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கிவிடும். அதே மங்கலைப் பெரிய காட்சி ஒன்றில் கண்டால், அதுவும் சிறியதாகவே இருக்க வேண்டும் என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. எனவே மங்கல் எப்போதும் தூரத்தை ஒட்டியே அமைய வேண்டும். படத்தின் நடுவில் வட்டமாக ஒரு பகுதியை விட்டுவிட்டுச் சுற்றிலும் மங்கச் செய்யும் கைபேசிச் செயலிகளின் படங்கள் பொம்மையாகத் தெரியாததற்கு இதுவே காரணம்.

பழகத் தொடங்குவதற்கு நகரத்தைவிட விமான நிலையமே ஏற்றது. விமானங்கள் நிற்கும் தளம் சமதரையாக இருப்பதால், கிடைமட்டமான ஒரு பட்டையைக் கூர்மையாக விட்டு மற்றதை மங்கச் செய்தால், மங்கலும் தூரமும் பெரும்பாலும் தாமாகவே பொருந்திவிடும். டோக்கியோவின் ஹனேடாவில் மூன்று முனையங்களிலும் கட்டணமில்லாத பார்வைத் தளங்கள் உள்ளன. முதல் முனையத்தின் தளம் மேற்கு நோக்கியது என்பதால் அங்கே காலை வெயில் முதுகுப் பக்கம் விழும். கடலை நோக்கிய இரண்டாம் முனையத்துக்கு மாலையில் செல்வது நல்லது. மேகமூட்டமான நாளில் நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் பொம்மைத்தன்மையும் வராது.

வானத்தையும் தொடுவானத்தையும் சட்டகத்துக்குள் விடாமல், தொலைநோக்கு லென்ஸால் கீழ்நோக்கி நெருக்கமாக எடுக்க வேண்டும். விமானத்தைத் தனியாக எடுப்பதைவிட, அதைப் பின்னால் தள்ளும் இழுவை வண்டி, வரிசையாகச் செல்லும் சரக்குப் பெட்டி வண்டிகள், தரையில் போட்ட மஞ்சள் கோடுகள் ஆகியவற்றோடு சேர்த்து எடுப்பது சிறப்பு. புறப்படும் விமானத்தை நோக்கி ஊழியர்கள் வரிசையாக நின்று கையசைப்பது ஜப்பானிய விமான நிலையங்களில் வழக்கம். விரல் நகம் அளவுக்குத் தெரியும் அந்த உருவங்கள்தாம் படத்துக்கு அளவைக் கொடுப்பவை. லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப் 8 அளவில் வைத்து எல்லாவற்றையும் கூர்மையாகவே எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் மங்கலைப் பிறகுதான் சேர்க்கப்போகிறோம். வேலிக் கம்பி குறுக்கே வந்தால் லென்ஸை அதன் இடைவெளியில் ஒட்டி வைக்க வேண்டும். நண்பகலில் தரையிலிருந்து எழும் கானல் தொலைவிலுள்ள விமானங்களை நெளியவைக்கும் என்பதால் அந்நேரத்தைத் தவிர்ப்பதே மேல்.

நகரத்தில் சிக்கல் கட்டடங்களால் வருகிறது. கூர்மையான பட்டைக்குள் அடித்தளம் இருக்கும் ஒரு கோபுரம் மேலே மங்கல் பகுதி வரை நீண்டால், அதன் உச்சி மட்டும் மங்கிப்போய்க் குட்டு வெளிப்பட்டுவிடும். உயரமும் அளவோடு இருக்க வேண்டும். ஷின்ஜுகுவிலுள்ள பெருநகர அரசுக் கட்டடத்தின் 202 மீட்டர் உயரப் பார்வைத் தளத்துக்குக் கட்டணம் இல்லை என்றாலும், அங்கிருந்து மனிதர்கள் வெறும் புள்ளிகளாகிவிடுகிறார்கள். டோக்கியோ கோபுரத்தின் 150 மீட்டர் தளம் அதைவிடப் பொருத்தமானது. என் விருப்பம், டோக்கியோ ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கிட்டே கட்டடத்தின் ஆறாம் மாடித் தோட்டம். தண்டவாளங்களில் ஊர்ந்து செல்லும் ஷின்கான்சென் அதிவேக ரயில்கள் அங்கிருந்து விளையாட்டு ரயிலாகவே தெரியும்.

கணினியில் முதலில் நிறச்செறிவையும் கான்ட்ராஸ்டையும் சற்றுத் தாராளமாகவே கூட்டுங்கள், ஏனெனில் பொம்மைக்குப் பூசிய வண்ணம் பளிச்சென்று இருக்கும். பிறகு ஃபோட்டோஷாப்பில் உள்ள டில்ட்-ஷிஃப்ட் கருவியாலோ, கைபேசியின் ஸ்னாப்சீட் செயலியில் உள்ள லென்ஸ் பிளர் கருவியாலோ பட்டையை அமைத்து, கூர்மையிலிருந்து மங்கலுக்குச் செல்லும் மாற்றத்தைப் படிப்படியாக்குங்கள். பட்டையைத் தாண்டி நிற்கும் விமானத்தின் வால் போன்ற பகுதிகளை ஃபோட்டோஷாப்பில் மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியில் மட்டும் மங்கலை மறைத்து) மீண்டும் கூர்மையாக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாதது.

லென்ஸாலேயே இதைச் செய்ய விரும்புவோர் 1991-இல் வெளிவந்த கேனன் டிஎஸ்-இ வரிசையின் 90 மி.மீ. போன்ற, சாய்க்கக்கூடிய டில்ட் லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம். வழக்கமாக, தரை முழுவதும் கூர்மையாக வருவதற்கு இந்த லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள். இங்கே அதற்கு நேர்மாறாக மேல்நோக்கிச் சாய்த்து, அப்பர்ச்சரை முழுவதும் திறந்துவைக்க வேண்டும்.

விமான ஜன்னலையும் வீணாக்க வேண்டாம். 2020 மார்ச் முதல், தென்காற்று வீசும் நாட்களில் பிற்பகல் 3 முதல் 7 மணிக்குள், ஹனேடாவில் இறங்கும் விமானங்கள் நகரின் மையப் பகுதிக்கு மேலாகவே வருகின்றன. இறக்கைக்கு முன்னால் இடப்பக்க இருக்கை கிடைத்தால் டோக்கியோ கோபுரப் பக்கம் தெரியும். மாலை வெயிலும் சாதகமாக விழும். லென்ஸில் ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையெனில் ஜன்னல் பிளாஸ்டிக்கில் வானவில் நிறங்கள் படரும். உட்புறப் பிரதிபலிப்பைத் தடுக்க லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் போதும்.

உயரமான பார்வைத் தளங்கள் பலவற்றில் கேமரா முக்காலிக்கு அனுமதி இல்லை என்பதால், ஷட்டர் வேகத்தை நொடியில் 500-இல் ஒரு பங்கு அளவிலாவது வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இந்தியாவில் ராணுவமும் பயன்படுத்தும் விமான நிலையங்களில் படமெடுக்கத் தடை உண்டு. மற்ற இடங்களிலும் அறிவிப்புப் பலகையைப் பார்த்த பிறகே கேமராவை எடுங்கள்.