பிள்ளைங்க பதிலுக்கு கிஃப்ட் தரலையா? தூது மட்டும் அனுப்பிடாதீங்க

பசங்க சம்பாதிக்க ஆரம்பிச்சதும் இந்த மனத்தாங்கல்ல புதுசா மாட்டுற அப்பா அம்மாக்கள பாக்குறேன், நான் ஒரு காலத்துல ஆடின அதே கூத்த அச்சு மாறாம ஆடுறாங்க. பிறந்தநாள், கல்யாண நாள்னு நாம பாத்து பாத்து வாங்கி அனுப்புவோம், அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணும் வராது, "பார்சல் வந்துச்சா"ன்னு கூட நாமளே போன் போட்டு கேக்கணும். விலைய சொல்லிக் காட்டக்கூடாதுங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அத விடுங்க.

தூது விடறது

எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்றது இதுலதான். பையன் ஒண்ணும் வாங்கித் தரலங்கறத பையன்கிட்ட சொல்ல மாட்டாங்க, பொண்ணுகிட்ட சொல்வாங்க. "நான் எதையும் எதிர்பாக்கல, சும்மா சொல்றேன்"னு ஒரு பீடிகை வேற. பொண்ணு சும்மா இருப்பாளா, தம்பிக்கு போன் போட்டு காய்ச்சி எடுப்பா, அவன் ரோஷத்துல அன்னிக்கு ராத்திரியே ஒரு வாட்ச் ஆர்டர் போட்டு அனுப்புவான். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல அப்படித்தான் நடந்துச்சு. அந்தம்மா டப்பாவ திறந்து பாத்துட்டு, "அவ சொல்லித்தானே வாங்கினான், தானா தோணலையே"ன்னாங்க. ஸ்ட்ராப்ல சுத்தியிருந்த பிளாஸ்டிக்க கூட பிரிக்காம வாட்ச் பீரோவுக்குள்ள போயிடுச்சு. சொல்லி வந்தா செல்லாதாம், சொல்லாம வரவும் மாட்டேங்குது, அப்போ அவன் என்னதான் பண்ணுவான்?

அதோட முடியல. "எனக்கு கணக்கு சொல்ல நீ யாரு"ன்னு தம்பி கேட்ட ஒரு வார்த்தையில அக்கா பேச்ச நிறுத்திட்டா. இத்தனைக்கும் அந்தம்மாவோட போன் பில் மாசாமாசம் அவன் அக்கவுண்ட்லேர்ந்துதான் போகுது, போன் ஹேங் ஆனா வீடியோ கால்ல உக்காந்து எத அமுக்கணும்னு பொறுமையா சொல்றதும் அவன்தான். ரிப்பன் கட்டி வரல, அதனால கணக்குல ஏறல.

வேணும்னா நேரா கேளுங்க. "இந்த பிறந்தநாளுக்கு எனக்கு ஒரு நல்ல குடை வேணும், மடக்குற மாதிரி"ன்னு சொல்றதுல என்ன கௌரவக் குறைச்சல்? அவன் எது வாங்கி வந்தாலும் "எதுக்கு இந்த வீண் செலவு"ன்னு வருஷக்கணக்கா சொல்லி அவன் கைய கட்டிப் போட்டது யாரு, நாமதானே.

மருமக மேல பழி போடறது

வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாடி மட்டும் உங்க பையன் வாங்கிக் குவிச்சானா?

டெஸ்ட் வைக்கறது

இந்த வருஷம் அனுப்பாம இருப்போம், கேக்குறானா பாப்போம்னு சிலர் உக்காந்திருப்பாங்க. அவன் கவனிக்கவே மாட்டான், உங்களுக்குத்தான் பிபி ஏறும். குறைக்கணும்னு தோணினா "இனிமே பெரியவங்களுக்குள்ள கிஃப்ட் வேண்டாம், குழந்தைங்களுக்கு மட்டும் போதும்"னு முன்கூட்டியே சொல்லிட்டு குறைங்க.

பிள்ளைங்களுக்கும் ஒண்ணு

நீங்க அனுப்பிட்டே இருக்கீங்க, வீட்லேர்ந்து உங்களுக்கு எதுவும் வரல, ஆனா தம்பிக்கு மட்டும் பணம் போகுதுன்னு தெரிய வருது. வலிக்கும்தான். ஆனா வேலை போய் நிக்கிறவனுக்கு வாடகைக்கு கொடுத்தத கிஃப்ட் கணக்குல எழுதிக்கிட்டு சண்டைக்குப் போகாதீங்க.

கடனா, சும்மாவா

பெத்தவங்க தந்தாலும் பிள்ளைங்க தந்தாலும், பணமா கைமாறினா இத அப்பவே வாய்விட்டு பேசிடுங்க, முடிஞ்சா ஒரு மெசேஜாவது போட்டு வச்சுக்கோங்க. வாங்கினவர் கிஃப்டுன்னு நினைச்சு செலவு பண்ணிடுவார், கொடுத்தவர் எப்ப திரும்ப வரும்னு காத்துட்டு இருப்பார், கேட்டாலும் சண்டை, கேக்கலன்னாலும் புகைச்சல்.