மனத்தையும் சமூகத்தையும் படிக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ முடித்து உளவியலோ சமூகவியலோ எடுப்பவர்களில் பலர் ஒரே எண்ணத்தோடு வருகிறார்கள்: மனிதர்களைப் பற்றித்தானே பாடம், அது நமக்கே தெரியும், கணக்கு இருக்காது, தேர்வுக்கு முந்தின இரவு படித்தால் போதும். மற்ற தவறுகளெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. மனிதர்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. அந்தக் கருத்து சரியா என்று சோதிக்கும் வழியைத்தான் இந்த இரண்டு துறைகளும் கற்றுத்தருகின்றன. வழியை விட்டுவிட்டு முடிவுகளை மட்டும் மனப்பாடம் செய்பவருக்குப் பட்டம் கிடைக்கும், படிப்பு கிடைக்காது.

உளவியல் செய்முறை வகுப்பில் இது அப்பட்டமாகத் தெரியும். ஒரே நீளக் கோடுகள் வேறு நீளமாகத் தோன்றும் கண்மாயையை அளக்கும் முல்லர்-லையர் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டின் முனைகளில் அம்புக்குறிகள் உட்பக்கம் மடங்கியிருக்கும்; இன்னொன்றில் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். இரண்டும் ஒரே நீளம் என்று தோன்றும்வரை எதிரில் இருப்பவர் ஒரு கோட்டை நகர்த்துவார். எத்தனை மில்லிமீட்டர் பிசகியது என்று அளவுகோலைப் பார்த்து நாம் குறிக்க வேண்டும். கோட்டை நீட்டிக்கொண்டே போய் ஒரு வரிசை, குறைத்துக்கொண்டே வந்து ஒரு வரிசை. வலப்பக்கம் வைத்து, இடப்பக்கம் வைத்து என்று மறுபடியும். பொறுமை கேட்கும் வேலை இது. பாதியில் சலித்துப்போய் மீதி எண்களை உத்தேசமாக நிரப்புகிறார்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். புத்தகம் சொன்னபடி வராத எண்ணைத் திருத்திவிடுகிறார்கள். சோதனையின்போது தனக்கு என்ன தோன்றியது என்று எதிரில் இருந்தவர் சொல்ல வேண்டிய உள்நோக்கு அறிக்கையைக்கூட அவரைக் கேட்காமலே எழுதிவிடுகிறார்கள்.

இந்த மாயைக்கு நம் மலைகளோடு ஒரு தொடர்பு உண்டு. மருத்துவரும் உளவியலாளருமான டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆங்கிலேயர்களைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளிலும் அவர் அதையே கண்டிருந்தார். கண் பார்ப்பதில்கூட வாழும் சூழலுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது. அதன் மீதான விவாதம் இன்றும் ஓயவில்லை. எதிர்பாராத எண்களை அவர் திருத்தி எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே நமக்குக் கிடைத்திருக்காது.

அதே ரிவர்ஸ் தோடர்களின் வம்சாவளிகளைத் திரட்டி, அவர்களுடைய சமூக அமைப்பைப் பற்றி 1906இல் ஒரு பெரிய நூலும் வெளியிட்டார். இன்று உளவியல், சமூகவியல் இரண்டில் ஒன்றை முதன்மைப் பாடமாக எடுத்தவர், மற்றதைத் துணைப்பாடம் என்று பாஸ் மார்க்குக்கு மட்டும் படிக்கிறார். இது பெரிய இழப்பு. ஒரு மாணவி படிப்பைப் பாதியில் நிறுத்துகிறாள் என்றால் அவளுடைய பதற்றம், தன்னம்பிக்கை, ஆர்வம் என்று உளவியல் மாணவர் எழுதுவார். அந்தத் தெருவில் அவளைப் போல இன்னும் எத்தனை பேர் படிப்பை நிறுத்தினார்கள், மாலை பஸ் எப்போது, வீட்டில் தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் கேட்டால்தான் விடை முழுமையாகும். வறுமை, சாதி என்று இரண்டு சொல்லில் முடித்துவிடும் சமூகவியல் மாணவரும் அந்த ஒருத்தியின் மனத்தைத் தவறவிடுகிறார்.

கள ஆய்வில் நடக்கும் தவறு வேறு வகை. ஊருக்குள் போனதும் முக்கியஸ்தர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “இங்கே சாதிப் பாகுபாடு இருக்கிறதா?” என்று கேட்டால் “அதெல்லாம் அந்தக் காலம்” என்ற பதில்தான் வரும். அதை அப்படியே அட்டவணையில் ஏற்றிவிடக் கூடாது. குடிநீர் எங்கே பிடிக்கிறீர்கள், தேர் எந்தெந்தத் தெரு வழியாகப் போகும், சுடுகாட்டுக்குப் பாதை எது என்று கேளுங்கள். கூடவே நடந்தும் பாருங்கள். கணவர் பக்கத்தில் நிற்கும்போது மனைவி சொல்லும் பதிலையும் தனியே குறித்துவையுங்கள். 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கியிருந்தார். அதனால் சேரியில் இயல்பாகப் பழக முடியாமல் போனதை அவரே பின்னர் வெளிப்படையாக எழுதினார். நாம் எங்கே தங்குகிறோம், யாரோடு போய் இறங்குகிறோம் என்பதும் தரவுதான். அதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

புள்ளியியல் தாளைக் கண்டு ஒதுங்குவது இன்னொன்று. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கமும், இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவும் பிடிபடாதவருக்கு எந்த ஆய்வுக் கட்டுரையும் பிடிபடாது. கைபேசியை அதிகம் பார்ப்பவர்கள் குறைவான மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று தெரிந்த உடனே கைபேசிதான் காரணம் என்று எழுதிவிடுவதும் இதனால்தான். படிப்பில் மனம் ஒட்டாததால் கைபேசியை எடுத்திருக்கவும் கூடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, முதல் செமஸ்டர் முடிவதற்குள் விடுதி அறைத் தோழிக்கு ‘பைபோலார்’, அப்பாவுக்கு ‘நார்சிசிஸ்ட்’ என்று மனநோய்ப் பெயர் சூட்டுவது. நோயறிதல் என்பது நீண்ட பயிற்சியும் நேரடிப் பரிசோதனையும் வேண்டிய பொறுப்பு. பெயர் சூட்டப்பட்டவர் பிறகு உண்மையாகவே உதவி தேவைப்படும்போது வாயைத் திறக்க மாட்டார். தோழி தூங்காமல் தவித்தால் பெயர் தேடாதீர்கள். கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கூடவே போங்கள்.

மேற்படிப்பை மூன்றாம் ஆண்டுக் கடைசியில் யோசிப்பதும் தவறுதான். மனநல மருத்துவராக எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் மனநல மருத்துவத்தில் சிறப்புப் படிப்பு வேண்டும். மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், வழக்கமான பி.ஏ., பி.எஸ்சி. உளவியல் பட்டம் அதற்குப் போதாது. சில வாரங்களில் உங்களை ஆலோசகர் ஆக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் டிப்ளமோக்களுக்குப் பணம் கட்டுமுன், அந்தச் சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.