மாந்தோப்பில் மாதம் தப்பிச் செய்யும் வேலைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் பக்கம் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மாந்தோப்புதான். பெங்களூரா, நீலம், செந்தூரா, அல்போன்சா, மல்கோவா, பங்கனப்பள்ளி என்று ரகம் ரகமாக நிற்கும். தை பிறந்ததும் இந்த ஊர்களில் ஒரு பேச்சு எழும்: "இந்த வருஷம் மரம் பூவே எடுக்கல." அதற்கான காரணம் தையில் இருக்காது. ஐப்பசியில் இருக்கும், இல்லாவிட்டால் போன ஆடியில் இருக்கும். மாமரத்துக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு, அதை மாதம் தப்பிச் செய்ததால் காய்ப்பை இழக்கிற தோப்புகள் ஏராளம்.

அடிப்படையான ஒரு விஷயம் தெரிந்தால் மற்றவை தானாகப் புரியும். ஒரு கிளையில் கடைசியாக வந்த கொழுந்து, முற்றிய இலையாகி நான்கைந்து மாதம் ஓய்வில் இருந்தால்தான் அதன் நுனியிலிருந்து பூங்கொத்து வரும். மார்கழிக் குளிரில் நுனிமொட்டு விழிக்கும்போது இலை இளசாக இருந்தால் மறுபடியும் கொழுந்துதான் வரும். ஆகவே கார்த்திகையில் தோப்பைச் சுற்றி வரும்போது பார்க்க வேண்டியது நுனி இலையை. அதைக் கையில் எடுத்து மடித்துப் பாருங்கள். அப்பளம் போல மொறுக்கென்று உடைந்தால் அந்தக் கிளை தயார். துணி போல வளைந்து கொடுத்தால் அந்தக் கிளையில் இந்த வருஷம் காய் எதிர்பார்க்க வேண்டாம்.

கன்று நடும்போதே தொடங்கும் தவறுகள்

போச்சம்பள்ளிக்குப் பக்கத்துச் சந்தூர் மாங்கன்றுக்குப் பேர்போன ஊர். கன்று வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். நான்கடி உயரக் கன்று வண்டியில் ஏற்றும்போது கம்பீரமாகத் தெரியும். ஆனால் சின்னப் பையில் நீண்ட நாள் நின்ற கன்றுக்கு வேர் பைக்குள்ளேயே சுருண்டிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் அவிழாது; நாலைந்து வருஷம் கழித்து காற்றடித்தால் மரம் சாய்ந்துவிடும். இரண்டு அல்லது இரண்டரை அடி உயரம், நேரான தண்டு, முற்றிய இலை, ஒட்டுப் போட்ட இடத்தில் மேலும் கீழும் ஒரே பருமன், இது போதும். வாங்கும்போது ஒட்டின் மேல் சுற்றிய பாலிதீன் நாடாவைப் பாருங்கள். அதை அவிழ்க்காமல் நட்டுவிட்டால் தண்டு பருக்கப் பருக்க நாடா உள்ளே புதைந்து கழுத்தை நெரிக்கும்.

நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே அரையடியாவது தெரிய வேண்டும். மண்ணுக்குள் போனால் அழுகல் வரும். ஒட்டுக்குக் கீழே வேர்க்கன்றிலிருந்து துளிர் வந்தால் அன்றைக்கே கிள்ளுங்கள். விட்டுவைத்த தோப்புகளில் மேலே இருந்த அல்போன்சா நலிந்து, கீழிருந்து வளர்ந்த நாட்டு மரம் நிற்பதைப் பார்க்கலாம்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, அதோடு பத்து கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்ப வேண்டும். மக்காத சாணியைப் போட்டால் கறையான் வரும், கன்று போகும். சரளை நிலத்தில் ஒன்றரை அடியில் பாறை தட்டினால் அந்தக் குழியை விட்டுத் தள்ளிப் போங்கள். அங்கே நட்ட மரம் பத்து வயதில் நின்றபடி காயும்.

இடைவெளியில் இப்போது இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பழைய கணக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஏக்கருக்கு 40 மரம். அடர் நடவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர், ஏக்கருக்கு 160 மரம். அடர் நடவு தவறான முறை இல்லை, ஆனால் வருஷா வருஷம் கவாத்து செய்ய, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிவிட, ஆளும் பணமும் உள்ளவருக்கு மட்டுமே அது. கவாத்து இல்லாமல் பெங்களூராவை 5 மீட்டரில் விட்டால் பத்தாம் வருஷத்தில் கிளையும் கிளையும் பின்னிக்கொள்ளும், வெயில் உள்ளே இறங்காது, காய் உச்சியில் மட்டும் இருக்கும், மருந்து அடித்தாலும் உள்ளே போகாது. நெருக்கி நட விரும்புகிறவர்கள் குட்டையாக வளரும் ரகத்தைப் பார்க்கலாம். நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்த பையூர் 1 அப்படிப்பட்டது.

முழுத் தோப்பையும் ஒரே ரகமாக வைப்பதும் ஆபத்து. மாவில் சில ரகங்கள் தன் மகரந்தத்தால் சரியாகக் காய் பிடிக்காது. இடையிடையே இன்னொரு ரகம் இருந்தால் பிடிப்பு கூடும். விலைக்கும் அதே கதைதான். பெங்களூரா பெரும்பாலும் மாங்கூழ் ஆலைக்குப் போகிற காய். 2025 சீசனில் அதன் விலை சரிந்தபோது ஆந்திராவின் சித்தூரிலும் நம் கிருஷ்ணகிரியிலும் அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குப் பறிகூலி கட்டுமா என்பதே கேள்வியாகிவிட்டது.

முதல் மூன்று வருஷம் பூ வந்தால் கிள்ளிவிடுங்கள். ஒட்டுக்கன்று இரண்டாம் வருஷத்திலேயே பூக்கும், ஆசையாகத்தான் இருக்கும். அந்த நாலு காய்க்காகக் கன்று ஒரு வருஷ வளர்ச்சியைக் கொடுத்துவிடும்.

ஆடியில் செய்ய வேண்டியது ஐப்பசிக்குப் போனால்

கவாத்தைத் தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. காய் இறக்கிய பதினைந்து இருபது நாளுக்குள், ஆடி முடிவதற்குள் கவாத்து முடிந்துவிட வேண்டும். அப்போது வெட்டினால் ஆவணியில் துளிர்க்கும், மார்கழிக்குள் இலை முற்றும். மழை வரட்டும், ஆள் கிடைக்கட்டும் என்று ஐப்பசியில் வெட்டினால், அந்தக் கொழுந்து மார்கழியில் இரண்டு மாதக் குழந்தை. அந்த வருஷம் பூ இல்லை.

வெட்டுவது எதை என்பதும் முக்கியம். காய்ந்த குச்சி, பழைய பூங்காம்பு, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, தரையைத் தொடும் கிளை. நடு உச்சியில் நேராக மேலே போகும் ஒன்றிரண்டு கிளையை எடுத்தால் மரத்துக்குள் வெயில் இறங்கும். நண்பகலில் மரத்தடியில் நின்று பாருங்கள். தரையில் அங்கங்கே வெயில் காசு காசாக விழுந்தால் கவாத்து சரி. புல்லுருவியை இலையோடு ஒடித்துவிட்டு விடக் கூடாது. அதன் வேர் கிளைக்குள் இருக்கும். ஒட்டிய இடத்துக்கும் கீழே அரையடி சேர்த்து கிளையையே வெட்ட வேண்டும். கட்டைவிரலை விடப் பருத்த வெட்டுக்காயத்துக்கெல்லாம் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். இரும்பு வாளி கூடாது.

உரத்துக்கும் இதே கணக்குதான். ஆறு வயதுக்கு மேற்பட்ட மரம் ஒன்றுக்கு வருஷத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா சுமார் 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6.25 கிலோ, பொட்டாஷ் 2.5 கிலோ. முதல் வருஷக் கன்றுக்கு தொழுவுரம் 10 கிலோ, யூரியா 435 கிராம், சூப்பர் ஒன்றேகால் கிலோ, பொட்டாஷ் அரை கிலோ என்று தொடங்கி வயதுக்கேற்பக் கூட்டிப் போகலாம். புரட்டாசி ஈரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். கார்த்திகையில் யூரியா போட்டால் மரம் பச்சைப்பசேலென்று துளிர்க்கும், அதோடு சரி. உரத்தைத் தண்டை ஒட்டிக் கொட்டுவது இன்னொரு வீண். சத்து உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அங்கே இல்லை. உச்சி வெயிலில் மரநிழல் விழும் விளிம்புக்கு ஓரடி உள்ளே, அரையடி ஆழத்தில் வட்டமாகக் குழி எடுத்துப் போட்டு மூடுங்கள்.

தண்ணீரை நிறுத்தத் தெரியாதது

கிணற்றிலும் போரிலும் தண்ணீர் இருக்கிறவர் தோப்பில்தான் இந்தத் தவறு அதிகம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் காய்க்கும் மரத்துக்குப் பாசனம் வேண்டாம். அந்த வறட்சிதான் மொட்டைப் பூவுக்குத் திருப்புகிறது. சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தால் வால்வைப் பூட்டியே வைக்கலாம். ஊடுபயிராகக் காய்கறி வைத்து அதற்குத் தண்ணீர் விட்டாலும் மரம் குடித்துவிடும். ஊடுபயிர் வேண்டுமென்றால் மழையை நம்பி வரும் கொள்ளு, நிலக்கடலை போதும்.

பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் தொடங்கி, மண்ணைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை விடலாம். நீண்ட நாள் காயவிட்டு ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ச்சினால் பிஞ்சு கொட்டும், பெரிய காய் வெடிக்கும். பறிப்புக்குப் பதினைந்து நாள் முன்பு மறுபடி நிறுத்துங்கள்.

கல்டார்

ஊரில் எல்லாரும் கல்டார் என்று சொல்வது பாக்லோபியூட்ரசால் என்ற வளர்ச்சி கட்டுப்படுத்தியை. மரம் துளிர்ப்பதை அடக்கிப் பூவுக்குத் தள்ளும். சரியாகப் பயன்படுத்தினால் நல்ல கருவி. ஆனால் அல்போன்சா ஒரு வருஷம் காய்த்து மறு வருஷம் ஓய்வெடுப்பதைத் தாங்க முடியாமல், ஏழு வயது கூட ஆகாத மரத்துக்கும் வருஷம் தவறாமல் ஊற்றுகிறார்கள். மரங்கள் கெடுவது இதனால்தான்.

அளவு, மரத்தின் கிளைப்பரப்பை வைத்து. குறுக்களவு ஒரு மீட்டருக்கு 3 மி.லி. என்று வைத்துக்கொண்டால், ஐந்து மீட்டர் படர்ந்த மரத்துக்கு 15 மி.லி. அதைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து, ஆவணிப் பின்பாதியில், மண் ஈரமாக இருக்கும்போது தண்டைச் சுற்றிய ஆழமில்லாத பள்ளத்தில் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேருக்குப் போகாது. கார்த்திகையில் ஊற்றினால் அந்த வருஷப் பூவுக்கு எட்டாது, மறு வருஷம்தான் வேலை செய்யும். ஊற்றியது அந்த வருஷத்தோடு மறையாமல் மண்ணில் தங்குவதால், அடுத்த வருஷமும் முழு அளவு ஊற்றினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

மிஞ்சிப் போனதை மரமே காட்டும். கணுவும் கணுவும் ஒட்டி நிற்கும், இலை கொத்தாக நெருங்கும், பூங்கொத்து விரியாமல் மூடிய கைமுஷ்டி போல இருக்கும். அந்த முஷ்டிக்குள் பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி சுகமாக இருக்கும், மருந்து நுழையாது. அப்படித் தெரிந்தால் இரண்டு வருஷம் நிறுத்துங்கள், ஆடியில் லேசாகக் கவாத்து செய்து தொழுவுரத்தைக் கூட்டுங்கள். நோஞ்சான் மரத்துக்கும், உரம் போடாத மரத்துக்கும், பாசன வசதியே இல்லாத மேட்டு மரத்துக்கும் கல்டார் வேண்டவே வேண்டாம். காய்ப்பை இழுத்து வாங்குகிறோம் என்றால் அதற்குச் சோறு போட வேண்டும்.

பூவில் மருந்து, காயில் ஈ

பூ முழுக்க விரிந்து கமகமவென்று மணக்கும்போது மருந்து அடிக்கிறார்கள். மாவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு, தேனீயும் வரும். அன்றைக்கு அடிக்கும் பூச்சிமருந்து அவற்றைத்தான் முதலில் கொல்லும். தத்துப்பூச்சிக்கு அடிக்க வேண்டிய நேரம் பூங்கொத்து விரல் நீளம் வெளிவந்து, பூ விரியாமல் இருக்கும்போது: இமிடாகுளோபிரிட் லிட்டருக்கு 0.3 மி.லி. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறும் முன். அடுத்தது பிஞ்சு பிடித்த பிறகு, அதுவும் பூச்சி இருந்தால்தான், வேறு மருந்தாக. இலை பிசுபிசுத்து, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்திருந்தால் தத்துப்பூச்சி ஏற்கெனவே பெருகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தைக் கலைக்க மரத்தின் உட்பகுதியிலும் தண்டிலும் அடியுங்கள். வெளி இலையை மட்டும் நனைத்தால் அது உள்ளே ஒதுங்கிக்கொள்ளும்.

பழ ஈக்குப் பொறி வைப்பதில் எல்லாரும் தாமதம். காயில் புழு பார்த்த பிறகு வைத்துப் பயனில்லை. மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். இணை சேர்வதைக் கெடுப்பதுதான் அதன் வேலை என்பதால், காய் முற்றுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே ஏக்கருக்குப் பத்து பொறியை நிழல் கிளையில் ஆள் உயரத்தில் கட்ட வேண்டும். கொட்டிய காயை மரத்தடியிலேயே விட்டால் பொறி வைத்தும் வீண். தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

நீலத்திலும் பெங்களூராவிலும் கொட்டை வண்டு வெளியே தெரியாது. வண்டு பட்டைப் பிளவில் ஒளிந்து அடுத்த சீசனுக்குக் காத்திருக்கும். அறுவடை முடிந்ததும் தளர்ந்த பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது உதவும்.

பறிப்பும் பழுக்கவைப்பும்

உலுக்கி விழுத்திய காய் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், நாலாம் நாள் அடிபட்ட இடம் கறுக்கும். வலைப்பை கட்டிய தொரட்டியால், ஒரு சென்டிமீட்டர் காம்போடு பறியுங்கள். காம்பு ஒடிந்து வடியும் பால் தோலில் பட்டால் வெந்தது போலக் கறை விழும்; காம்புப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிடுங்கள். முற்றியதா என்று சந்தேகம் வந்தால் ஒரு வாளித் தண்ணீரில் ஐந்தாறு காய் போட்டுப் பாருங்கள்: மூழ்குவது முற்றியது, மிதப்பது இளசு. அல்போன்சாவை மட்டும் மரத்திலேயே முழுக்க முற்றவிடக் கூடாது. கொட்டையைச் சுற்றிச் சதை வெளிறிப் பஞ்சாகிவிடும், தோலைப் பார்த்தால் தெரியவே தெரியாது. முக்கால் பங்கு முற்றியதும் எடுத்து வைக்கோலில் பழுக்க வையுங்கள்.

கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை உள்ளது. அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு உண்டு. அனுமதி உள்ளது எத்திலீன் வாயு அறைக்கு, 100 பி.பி.எம். வரை. பழுக்கவைக்கும் மருந்துக் கரைசலில் காயை முக்கி எடுப்பதும் கூடாது.

கடைசியாகக் குத்தகை. பூவிலேயே தோப்பை விட்டுவிடுகிறவர்கள் பலர். இரண்டு மூன்று வருஷக் குத்தகையில் கல்டார் ஊற்றுகிறவரும் பலன் எடுக்கிறவரும் குத்தகைதாரர், மரம் கெட்டால் சுமக்கிறவர் நிலத்துக்காரர். எழுதும்போதே நாலு வரி சேர்த்துவிடுங்கள்: குத்தகை ஆனி கடைசியோடு முடியும், நீலம் மட்டும் ஆடிப் பாதி வரை, கவாத்தும் தொழுவுரமும் யார் செலவு, கல்டார் எந்த மரத்துக்கு எத்தனை மி.லி., நிலத்துக்காரர் முன்னிலையில். கொட்டிய காயைப் புதைப்பது குத்தகைதாரர் பொறுப்பு. ஊற்றிய மரத்தின் தண்டில் அன்றைக்கே சுண்ணாம்பால் வருஷத்தை எழுதி, ஒரு நோட்டிலும் குறித்து வையுங்கள். அடுத்த குத்தகைக்கு வருகிறவரிடம் அந்த நோட்டைத்தான் முதலில் காட்ட வேண்டும்.